நாலாம் வாரத்து முதுகெலும்பும் நாலாம் மாசத்து மாத்திரையும்

“ரேஷன் கார்டைப் பற்றி எழுதுங்கள். குடிசை இடிப்பைப் பற்றி எழுதுங்கள். முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் குறைவதைப் பற்றி எழுதுங்கள். பிள்ளைத்தாய்ச்சி விழுங்குகிற மாத்திரையைப் பற்றி எழுத இது என்ன மாதர் மலரா?” என்று நம் அன்பர்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். டாக்டர் வீட்டு விஷயம், பெண்டுகள் விஷயம், அரசியல் பத்திரிகைக்கு அடுக்குமா என்று அவர்கள் கேட்பார்கள்.

அடுக்கும். ஒரு பண்டம் மலிவாக இருக்கிறது, அதை எப்படிச் செய்வது என்று எழுபது எண்பது வருஷமாக உலகத்துக்குத் தெரியும், அது வேலை செய்கிறது என்று முப்பது வருஷத்துக்கு மேலாக ஐயமறத் தெரியும். இருந்தும் அது வேண்டியவள் கைக்கு வேண்டிய நாளில் வந்து சேரவில்லை என்றால், அது வைத்திய விஷயம் அல்ல. அரசியல்தான். யாருக்கு எப்போது எது கிடைக்க வேண்டும் என்று தீர்மானிப்பதற்குப் பெயர் வேறென்ன?

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாள் கூலியும் ஓவர்டைமும் கணக்குப் பார்க்கத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு கஷ்டமில்லை.

ஒரு பெண் கடைசியாகத் தூரமான நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் பதினான்காம் நாளில் கரு தங்குகிறது. இருபத்தெட்டாம் நாள் வரவேண்டியது வரவில்லை, நாள் தள்ளிப்போகிறது. அப்போதே கருவுக்கு வயது இரண்டு வாரம். கரு தங்கிய இருபத்தெட்டு நாளுக்குள், அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டே வாரத்தில், குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற அந்தச் சிறு குழாய் தன்னைத் தானே மூடிக்கொண்டு விடுகிறது. மூடினால் மூடியது. மூடாமல் நின்றால் நின்றதுதான். பிறகு எந்த மாத்திரையாலும் அதை மூட முடியாது.

நாள் தள்ளி இரண்டு வாரத்தில் நம் வீடுகளில் நிலைமை என்ன? மாமியாருக்குச் சொல்லியிருக்கமாட்டாள். புருஷனுக்கே சில சமயம் சந்தேகமாகத்தான் சொல்லியிருப்பாள். “அலைச்சலில் தள்ளியிருக்கும், இன்னும் நாலு நாள் பார்ப்போம்” என்று இருப்பாள். மூன்று மாதம் முடியும் வரை வெளியில் சொல்லக்கூடாது, கண் பட்டுவிடும் என்று இருக்கிற வழக்கமும் நாம் அறிந்ததே. இந்த நேரத்தில்தான் முதுகெலும்புக்கான வேலை அங்கே முடிந்துபோகிறது!

அந்த வேலை சரியாக நடக்க உடம்பில் இருக்கவேண்டிய சத்துக்குப் பெயர் ஃபோலேட். அதையே மாத்திரையாகச் செய்தால் ஃபோலிக் அமிலம். கடைக்காரனும் நர்ஸம்மாவும் போலிக் ஆசிட் என்பார்கள். நாளைக்கு 400 மைக்ரோகிராம் போதும். உப்புக்கல் அளவுகூட இல்லை. ஆனால் அது கரு தங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் உள்ளே போயிருக்க வேண்டும். மூன்று மாதம் முடியும் வரை தொடரவேண்டும்.

போகாவிட்டால் எல்லாக் குழந்தைக்கும் ஊனம் வருமா? வராது. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஆனால் நம் தேசத்தில் ஆயிரம் பிறப்புக்கு நான்கைந்து குழந்தைகள் இந்தக் குறையோடு வருவதாக ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மேல்முனை மூடாவிட்டால் மண்டையோடு இல்லாமல் பிறக்கும். அந்தச் சிசு பிழைப்பதில்லை. கீழ்முனை மூடாவிட்டால் முதுகில் பிளவு, அதன்மேல் நீர்கட்டிய பை. கால் விளங்காமல், சிறுநீர் மலம் அடங்காமல், பலருக்குத் தலையில் நீர் கோத்து வாழவேண்டி வரும். 1991-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதற்கு முடிவு கட்டியது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஏழு நாடுகளில் 33 இடங்களில் நடத்தியது அது. முன்பு ஒருமுறை இப்படிப்பட்ட குழந்தை பெற்ற தாய்மார்களுக்குக் கரு தங்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். மறுபடியும் அப்படி நேர்வது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு மற்ற பெண்களுக்கு மாத்திரை கொடுக்காமல் வைத்திருப்பது தர்மமல்ல என்று ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தர்மம் நம் வாசலுக்கு வந்து சேரவில்லையே, ஏன்?

சர்க்காரின் காலண்டர்

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1970 முதலே இரத்தசோகைத் தடுப்புத் திட்டம் என்று ஒன்று உண்டு; இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து வந்தார்கள். 2018-இல் அதற்குப் புதுப்பெயர் சூட்டி, புதுச் சட்டமும் எழுதினார்கள். கர்ப்பத்தின் நாலாம் மாதம் முதல் தினம் ஒரு சிவப்பு மாத்திரை, 180 நாள். பிள்ளை பெற்ற பிறகு மறுபடியும் 180 நாள். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நல்ல மாத்திரை. தாயின் இரத்தத்துக்கு அது வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தசோகை இருக்கிற நாட்டில் அது வேண்டாம் என்று எவன் சொல்வான்?

ஆனால் நாலாம் மாதத்தில் வருகிற மாத்திரை நாலாம் வாரத்து முதுகெலும்புக்கு என்ன செய்யும்? ரயில் கல்யாண் தாண்டிய பிறகு தாதர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பது போலல்லவா இருக்கிறது!

“கர்ப்பத்துக்கு முன்பும் முதல் மூன்று மாதமும் தனியாக 400 மைக்ரோகிராம் எடுக்கவேண்டும் என்று எங்கள் விதிமுறையிலேயே இருக்கிறதே” என்று அதிகாரிகள் காகிதத்தை நீட்டுவார்கள். இருக்கிறது, நாமும் மறுக்கவில்லை. அந்த வரி காகிதத்தை விட்டு இறங்கி நம் சந்துக்குள் எப்படி வரும் என்பதே நமது கேள்வி. கர்ப்பிணி என்று பதிவு செய்தால் அட்டை வரும். அட்டை வந்தால் மாத்திரை வரும். பதிவு செய்யவோ, முதலில் அவளுக்கே கர்ப்பம் என்று தெரியவேண்டும். மேலே சொன்ன கணக்கெடுப்பிலேயே முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்குப் போன தாய்மார்கள் நூற்றுக்கு எழுபது பேர்தான். முப்பது பேர் மூன்று மாதத்துக்குள்ளேயே போகவில்லை. போன எழுபது பேரில் ஆறாவது வாரத்துக்குள் போனவர்கள் எத்தனை பேர்? 2016 முதல் மாதந்தோறும் 9-ஆம் தேதி இலவசப் பரிசோதனை நடத்துகிறார்களே, அதுவும் நாலாம் மாதம் பிறந்தவர்களை மனதில் வைத்து ஏற்பட்டதுதான். எங்கே திரும்பினாலும் சர்க்காரின் காலண்டர் நாலாம் மாதத்தில்தான் தொடங்குகிறது.

இன்னொரு கூத்தும் இருக்கிறது. கர்ப்பமாகாத பெண்களுக்கும் வாரம் ஒரு மாத்திரை என்று 2018 திட்டம் சொல்கிறது. அதில் ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். ஒரு வாரத்துக்கு 500! உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே வார மாத்திரையில் 2,800 இருக்கவேண்டும் என்று எழுதி வைத்தது. 400-ஐ ஏழால் பெருக்கினால் 2,800 வரும். நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வாய்ப்பாடு. இந்த மாத்திரை இரத்தசோகைக்காக ஏற்பட்டது என்று பதில் சொல்வார்கள். அப்படியே இருக்கட்டும். அதே மாத்திரையில் ஃபோலிக் அமிலத்தைக் கூட்டி வைத்தால் முதுகெலும்பும் காக்கப்படுமே. கூடுதல் செலவு எத்தனை பைசா ஆகிவிடும்?

அரிசியில் கலக்கிறோம் என்றார்கள். 2021 சுதந்திர தினத்தன்று செங்கோட்டையில் நின்று அறிவித்தார்கள். ரேஷன் கடைகளில் செறிவூட்டிய அரிசி கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த அரிசிக்கு வகுத்த அளவு என்ன? கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். ஒரு பெண் நாளைக்கு நானூறு கிராம் அரிசிச் சோறு சாப்பிடுகிறாள் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 30 முதல் 50 மைக்ரோகிராம்தான் சேரும். வேண்டியது நானூறு. அமெரிக்காவில் 1998 முதல், சிலியில் 2000 முதல் கோதுமை மாவில் கட்டாயமாகக் கலக்கிறார்கள். அங்கெல்லாம் இந்தக் குறையோடு பிறக்கும் பிள்ளைகள் தெளிவாகக் குறைந்தார்கள். 2023-இல் உலக சுகாதாரப் பேரவையும் இதை வற்புறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. இங்கே மாவு ஆலைக்காரர் இஷ்டப்பட்டால் கலக்கலாம். இஷ்டம்! நம் வீட்டுப் பெண்களின் வயிற்றை ஆலை முதலாளியின் இஷ்டத்துக்கு விட்டிருக்கிறார்கள்.

பம்பாய்த் தாய்மார்களின் இரத்தத்தில் கண்ட மருந்து

இந்த மருந்தின் பூர்வீகம் தெரிந்தால் நம் கோபம் இரட்டிப்பாகும்.

1920-களின் கடைசியில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழைத்த பெண்கள் கர்ப்பகாலத்தில் இரத்தம் வற்றி வெளுத்து மாண்டுகொண்டிருந்தார்கள். சாதாரண இரத்தசோகை அல்ல. இரத்த அணுக்கள் பெரிது பெரிதாக உருமாறி நின்ற ஒரு கொடிய வகை. அதை ஆராய லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் 1928-இல் இங்கே வந்தார். பரேலில் இன்றும் இருக்கிற ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து வேலை செய்தார். கிருமியாக இருக்குமோ என்று தேடினார், கிருமி இல்லை. பிறகு அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். காய்கறி இல்லை, பழம் இல்லை, பால் இல்லை. எலிகளுக்கும் குரங்குக்கும் கொடுத்துப் பார்த்து, ஈஸ்டிலிருந்து செய்கிற மார்மைட் என்ற மலிவான கறுப்புக் களிம்பில் அந்தப் பெண்களைப் பிழைக்க வைக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்டார். அது இன்னதென்று அப்போது தெரியாது. 1931-இல் பிரசுரித்தார். இடையில் குன்னூரில் வேலை பார்த்தார். 1931-இன் தொடக்கத்தில் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் இருந்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்கிறோமே, அதுதான்.

அந்த “ஏதோ ஒன்று”தான் ஃபோலிக் அமிலம். 1941-இல் அமெரிக்காவில் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்துப் பெயரிட்டார்கள். 1945-இல் அதைச் செயற்கையாகச் செய்து காட்டியது லெடர்லே கம்பெனியின் ஆராய்ச்சிக் குழு. அந்தக் குழுவை நடத்தியவர் யார் தெரியுமா? எல்லப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்துப் பீமவரத்துக்காரர், திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாவது தடவையில் மெட்ரிகுலேஷன் தேறியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அங்கே கதர் அங்கி போட்டுக்கொண்டு வந்ததற்காக வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். (கதர் போட்டவனுக்குப் பட்டம் இல்லை, அவன் செய்த மருந்து உலகம் முழுக்க! பட்டம் மறுத்த பேராசிரியர் பெயரை இன்று யாருக்குத் தெரியும்?)

ஆக, நோயைக் கொடுத்தது பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்ணின் உடம்பு. பரீட்சை பார்த்தது பரேலிலும் திருவல்லிக்கேணியிலும். செய்து கொடுத்தவன் சென்னையில் படித்த ஏழைப் பிள்ளை. நோய் கண்ட அந்தப் பெண்களின் காலத்திலேயே தாராவியில் தோல் பதனிட்டுக்கொண்டிருந்தவர்கள் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். நூறு வருஷம் ஆகப்போகிறது. பரேலிலிருந்து தாராவிக்கு பஸ்ஸில் போனால் எவ்வளவு நேரம்? அந்தத் தூரத்தை இந்த மாத்திரை இன்னும் கடக்கவில்லை.

இரண்டு ஊருக்கு நடுவில்

இங்கே பிழைக்க வந்தவர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சங்கடமும் உண்டு. ஊரில் கலியாணம் முடிகிறது. பத்து நாளிலோ ஒரு மாதத்திலோ பெண் வண்டியேறி இங்கே வந்துவிடுகிறாள். ஊரில் கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகத் தெரிந்தவர். புதுப் பெண் யார், யாருக்கு எத்தனாம் மாதம் என்று அவர் நோட்டில் இருக்கும். இங்கே வந்ததும் அந்த நோட்டிலிருந்து பெயர் போய்விட்டது. இந்த ஊர் நோட்டில் இன்னும் ஏறவில்லை. வாடகை அறை, பாஷை தெரியாது, ஆதாரில் ஊர் முகவரி. முதல் மூன்று மாதம் இங்கே. ஏழாம் மாதம் வளைகாப்புக்கு ஊருக்கு. அங்கே போனால், “மூணு மாசத்துக்குள்ள ஏம்மா பதிவு பண்ணல?” என்று அவளைத்தான் அதட்டுகிறார்கள். இங்கே ஆஷா பெண்மணி வந்தால் மராத்தியில் கேட்கிறாள். நம் பெண் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். இருவர் மேலும் குற்றமில்லை. டிஸ்பென்சரி காலை நேரத்தில். போனால் புருஷனுக்கு அரைநாள் கூலி போச்சு, மேஸ்திரியின் ஏச்சும் மிச்சம்.

ஆனால் சர்க்காருக்குப் புதுமணத் தம்பதிகள் இருக்கிற இடம் தெரியாது என்று சொல்லவே சொல்லாதீர்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்காகத் “தகுதியுள்ள தம்பதியர்” பதிவேடு என்று ஒன்று பல காலமாக உண்டு. 1976-77 அவசரநிலைக் காலத்தில் ஒரே வருஷத்தில் எண்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அறுவை செய்து கணக்குக் காட்டிய இயந்திரம் இது. குடிசை குடிசையாகத் தேடிப் பிடிக்க அன்று வழி தெரிந்தது! பிள்ளை பெறாமலிருக்கச் செய்யத் தேடி வந்த கால்களுக்கு, பெறுகிற பிள்ளை நன்றாகப் பிறக்க ஒரு மாத்திரையோடு வர வழி தெரியவில்லையா?

நம் வீட்டுக்குள்ளும் ஒரு சண்டை

சர்க்காரை ஏசிவிட்டு நம் வீட்டைப் பாராமல் போனால் அது நேர்மையாகாது.

எங்கள் சந்தில் ஒரு பெண் இருந்தாள். கட்டட வேலையில் சித்தாளாகப் போனவள். இரண்டாவது குழந்தை முதுகில் பையோடு பிறந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். பிறகு தலையில் நீர் கோத்து, குழாய் வைக்க மறுபடியும் அறுவை. காதில் கழுத்தில் இருந்ததெல்லாம் சேட்டுக் கடைக்குப் போயிற்று. அதையெல்லாம்விட அவளை அறுத்தது வீட்டுப் பேச்சு. கிரகணத்தன்று அரிவாள்மணையில் உட்கார்ந்தாள், வீட்டில் இருக்கச் சொல்லியும் செங்கல் சுமக்கப் போனாள், இவள் தாய் வீட்டு வழியிலேயே ஏதோ குறை இருக்கிறது – இப்படி நாளுக்கொரு குற்றப்பத்திரிகை. அவள் செங்கல் சுமந்த கூலியில் சாப்பிட்ட வாய்கள்தான் அத்தனையும் பேசின. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் ஊருக்கே போய்விட்டாள். அந்த நாட்களில் அவளிடம் ஒருவரும், ஆஸ்பத்திரிக்காரர்கள் உட்பட, ஒரு விஷயத்தைச் சொன்னதாக நான் கேட்கவில்லை: அடுத்த முறை கரு தங்கும் முன்பே அதிக அளவு ஃபோலிக் அமிலம் எடுத்தால் மறுபடி இப்படி நேருகிற ஆபத்து பெருமளவு குறையும் என்று. சாபத்தைச் சொல்ல ஆயிரம் பேர் வந்தார்கள். மாத்திரையைச் சொல்ல ஒருவர் வரவில்லை.

“எங்கள் காலத்தில் மாத்திரை கண்டோமா? பத்துப் பெற்றோம்” என்று பாட்டிமார்கள் சொல்வது சரியே. பத்துப் பெற்றார்கள், எத்தனை வளர்த்தார்கள் என்று சற்றுத் தணிந்த குரலில் கேட்டுப் பாருங்கள். இன்னதென்று பெயர் சொல்லாமல் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தது எத்தனை என்று அவர்களே சொல்வார்கள்.

மாத்திரை சாப்பிட்டால் சூடு, பிள்ளை பெருத்துப்போய் ஆபரேஷன் ஆகிவிடும், குழந்தை கறுத்துவிடும் என்று இன்னொரு கட்சி. கறுப்பாக வெளிக்குப் போவது, மலச்சிக்கல், குமட்டல் எல்லாம் இரும்பு மாத்திரையின் வேலை. அதுவும் பயப்படத் தக்கதல்ல. ஃபோலிக் அமிலம் தனியாக எடுத்தால் இந்தத் தொல்லைகள் கிடையாது. குழந்தையின் நிறத்துக்கும் இவை இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. (கறுப்பாகப் பிறந்தால்தான் என்ன? உழைக்கிற ஜாதி நாம். இந்த வெள்ளைத்தோல் மோகம் எங்கிருந்து வந்தது?)

கீரை சாப்பிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள். கீரை, பருப்பு, தட்டாம்பயறு, நிலக்கடலை, ஈரல் – எல்லாவற்றிலும் இந்தச் சத்து உண்டு. அவசியம் சாப்பிட வேண்டும். ஆனால் கீரையைக் கொதிக்கவிட்டு நீரைக் கொட்டினால் சத்தும் சாக்கடைக்குத்தான். உணவில் இருக்கிற ஃபோலேட்டை உடம்பு மாத்திரையில் இருப்பதைப்போல முழுசாக எடுத்துக்கொள்வதும் இல்லை. அதோடு, பகல் முழுவதும் வேலை செய்து இரவு எட்டு மணிக்குக் கறிகாய் வாங்குகிற பெண்ணைத் தினமும் கீரை ஆய்ந்து சமை என்பது வயிறு நிறைந்தவர்களின் உபதேசம்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் தருவது டப்பா வியாபாரம். கர்ப்பிணிக்கென்று படம் போட்ட சத்து மாவு டப்பாவை நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்கி, சுவாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அதுவும் ஐந்தாம் மாதத்தில்தான் வாங்குவோம். கட்டிங் சாயா விலைகூட இல்லாத மாத்திரையை, வேண்டிய மாதத்தில் வாங்கமாட்டோம். விளம்பரம் டப்பாவுக்குத்தானே உண்டு! மலிவான மாத்திரையில் லாபம் இல்லை. லாபம் இல்லாத பொருளுக்காக எந்த நடிகை டி.வி.யில் வந்து சிரிப்பாள்?

லாபத்தின் சேட்டையை இன்னோர் இடத்திலும் பார்க்கலாம். மருந்துக் கடையில் ஃபோலிக் அமிலம் என்று கேட்டால் பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரையை எடுத்துப் போடுவார்கள். சாதாரணப் பெண்ணுக்கு வேண்டிய 400 மைக்ரோகிராம் அதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. சரியான அளவில் தனி மாத்திரை கேட்டால், “பத்து சத்து சேர்ந்தது இருக்கிறது” என்று விலை உயர்ந்த அட்டையைக் காட்டுவார்கள்.

கேட்கவேண்டியது

கார்ப்பரேஷனையும் இரு மாநில சர்க்கார்களையும் நாம் கேட்கவேண்டியது பெரிதல்ல. கர்ப்பிணிப் பதிவுக்குக் காத்திராமல், கலியாணமான பெண் எவள் வந்து கேட்டாலும் டிஸ்பென்சரியில் 400 மைக்ரோகிராம் மாத்திரை மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அட்டை, ஆதார் முகவரி என்று திருப்பி அனுப்பக்கூடாது. திருமணப் பதிவு அலுவலகத்தில் சான்றிதழோடு மாத்திரையும் கொடுக்கவேண்டும். வார மாத்திரையில் 500 என்பதை 2,800 ஆக்கவேண்டும். தமிழர் நிறைந்த வார்டுகளில் தமிழ் தெரிந்த ஆஷா பெண்கள் வேண்டும். ஊரில் வாங்கிய எண் இங்கேயும், இங்கே வாங்கிய எண் ஊரிலும் செல்ல வேண்டும். பணம் அனுப்ப ஒரு நிமிஷத்தில் வழி கண்டுபிடித்த தேசத்துக்கு இது முடியாத காரியமல்ல.

அதுவரை நாம் கை கட்டி நிற்கவேண்டியதில்லை. சங்க மண்டபத்தில் நடக்கிற கலியாணங்களில் மணமக்களுக்கு எவர்சில்வர் குடம் கொடுக்கிறோம்; அதனுள் ஒரு துண்டுத்தாளும் போடுவோம். பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற நாளிலேயே, இரண்டாவது பிள்ளையானாலும் மூன்றாவதானாலும், மாத்திரையை ஆரம்பிக்கவேண்டும் என்று அதில் இருக்கட்டும். முன்பு இந்தக் குறையோடு குழந்தை பிறந்திருந்தாலும், வலிப்புக்கு மருந்து சாப்பிட்டாலும், சர்க்கரை நோய் இருந்தாலும் 400 போதாது. டாக்டரைக் கேட்டு அதிக அளவு எடுக்கவேண்டும். வலிப்பு மருந்தைத் தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது. கறி, முட்டை, பால் எதையும் தொடாதவர்கள் பி-12 குறையும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஃபோலிக் அமிலத்தை அதிக அளவில் எடுத்தால் அந்தக் குறை வெளியில் தெரியாமல் நரம்பைக் கெடுக்கும். நாள் தள்ளிப்போன பிறகே விஷயம் தெரிந்தால், அன்றே ஆரம்பியுங்கள், மறுநாளுக்கு வைக்காதீர்கள். நாலாம் மாதம் சிவப்பு மாத்திரை வந்ததும் அதையும் விடாமல் சாப்பிடவேண்டும். விழுங்கிய கையோடு டீ குடிக்கவேண்டாம், இரும்பு உடம்பில் சேராது.

இதையெல்லாம் வாங்கிவர வேண்டியவன் புருஷன். பீடிக்கும் குட்காவுக்கும் கடை தெரிந்தவனுக்கு மருந்துக் கடை தெரியாதா? பாஷை தெரியாத புதுப் பெண்ணைத் தனியே அனுப்பாமல், வேலை முடிந்து வருகிற வழியில் அவனே நின்று கேட்கட்டும்: “போலிக் ஆசிட் கீ கோலி சாஹியே, சார் ஸௌ மைக்ரோகிராம் வாலீ.”